ஏலக்காய் எடுப்புக் காலத்தில் வீட்டையும் அடுப்பையும் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கேரளத்து இடுக்கி ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டுப் பொழுது சாய இறங்கும் குடும்பங்களுக்கான வழிகாட்டி இது. ஆகஸ்ட் வாக்கில் எடுப்பு, அதாவது காய் பறிப்பு, தொடங்கினால் தை மாதம் வரை இழுக்கும். ஒரே சரத்தில், அதாவது காய்க்கொத்தில், எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. அதனால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வருவார்கள். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்கிற வீடுதான் முதல் எடுப்பு முடிவதற்குள் படுத்துவிடுகிறது.

புதிதாக மலைக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மதியத்துக்கு என்ன மதினி கட்டுறது?" என்பதுதான். அது பிறகு வர வேண்டிய கேள்வி. முதலில் நேரம், அடுத்து ஆள் கணக்கு, அப்புறம் சரக்கு, அதற்குப் பிறகுதான் சமையல். இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் காலையில் வீடு அல்லோலகல்லோலப்படும்.

1. எடுப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்க வேண்டும். விடிகாலை நாலரைக்குக் கேஸ் தீர்ந்தால் அன்றைய கூலி போனது மாதிரிதான். ஒற்றை சிலிண்டர் வீடு என்றால், வெந்நீரை விறகடுப்புக்கு மாற்றிவிடுங்கள். கேஸை அதிகம் தின்பது குளிக்க வைக்கும் வெந்நீர்தான்.

குக்கரின் வளையம், விசில், மிக்சி ஜாடியின் அடிப்பகுதி, கிரைண்டர் கல் எல்லாவற்றையும் இப்போதே பாருங்கள். பழுது பார்க்கும் கடைகள் நாம் இறங்கி வரும் நேரத்தில் அடைத்திருக்கும்.

ஆளுக்கு இரண்டு சாப்பாட்டு டப்பா வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு ராத்திரி கழுவி, காலையில் ஈரத்தோடு சோறு அள்ளிப் போடுவதால்தான் பாதிச் சாப்பாடு மதியத்துக்குள் கெடுகிறது.

2. ஜீப் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஜீப் தெருமுனைக்கு 5.30க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலை விட்டு இறங்குவது 5.20. உடை மாற்றி, முடி முடிந்து, பை எடுக்கக் கால் மணி நேரம். டப்பா ஆறுவதற்குக் கால் மணிக்கு மேல். அப்படியானால் சோறு 4.45க்கு வடிந்திருக்க வேண்டும், அடுப்பு 4.10க்கு எரிய வேண்டும், நீங்கள் எழுவது 4 மணிக்கு.

இதை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். "நாலு மணிக்கு எந்திரிப்போம், நடக்கிறது நடக்கட்டும்" என்று தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஆறவைக்கும் நேரத்தைத்தான் மறக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தை வேறு எதிலிருந்தும் திருட முடியாது.

ராத்திரி படுக்கும் நேரமும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. 9.30ஐத் தாண்டிப் படுத்தால் மூன்றாவது நாள் தோட்டத்தில் கை ஓடாது. சீரியலா தூக்கமா என்பதை எடுப்புக்கு முன்பே வீட்டில் பேசித் தீர்த்துவிடுங்கள்.

3. யாருக்கு எந்த வேளைச் சாப்பாடு எங்கே

வீட்டில் ஐந்து பேர் என்பதால் மூன்று வேளைக்கும் ஐந்து பேருக்குச் சமைப்பது வீண். ஆள் ஆளாகக் கணக்கெடுங்கள்.

தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2024இல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்தார்கள். மதியமும் சத்துணவு இருக்கிறது. ஆக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி நாளில் காலையில் ஒரு தம்ளர் பாலும் வாயில் போட ஏதாவதும் இருந்தால் போதும்.

தவறு நடக்கும் இடம் ஆறாம் வகுப்பு. போன வருடம் வரை பள்ளியில் காலையில் சாப்பிட்ட பிள்ளைக்கு இந்த வருடம் அது கிடையாது. மதிய உணவு மட்டும்தான் தொடரும். பெரிய பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வீட்டில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவும் பசியைச் சொல்லாது, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். சனிக்கிழமை நமக்குத் தோட்டம் இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது. அன்றைக்கு எல்லாப் பிள்ளைக்கும் மூன்று வேளையும் வீட்டில்தான்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை இருந்தால், மாத்திரை நேரத்தை ஒட்டிச் சாப்பாடு இருக்க வேண்டும். "பசிச்சா எடுத்துச் சாப்பிடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் பதினொரு மணி வரை காப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, அவர்கள் தட்டில் எடுத்து மூடியே வைத்துவிடுங்கள். மலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது, போன் பண்ணி ஞாபகப்படுத்தலாம் என்று நம்ப வேண்டாம்.

4. நின்று கொடுக்கும் சரக்கு

எடுப்பு தொடங்கும் முன் வாரத்தில் இவற்றைச் செய்து வையுங்கள்: புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், ஏதாவது ஒரு தொக்கு. இவை இருந்தால் உடம்பு முடியாத நாளிலும் சோறு மட்டும் வடித்தால் சாப்பாடு தயார்.

புளிக்காய்ச்சலுக்கு 100 கிராம் புளி என்றால் 100 மில்லி நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள். மிளகாய் வற்றல், கடலைப் பருப்பு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசல் ஊற்றி, எண்ணெய் மேலே மிதந்து தனியே பிரியும் வரை கொதிக்க வேண்டும். பிரியும் முன்பே இறக்கினால் உள்ளே தண்ணீர் நிற்கும், ஒரு வாரத்தில் பூஞ்சை கட்டும். வறுத்துப் பொடித்த மல்லி, வெந்தயத்தை இறக்கும்போது சேருங்கள். முழுக்க ஆறிய பிறகு காய்ந்த பாட்டிலில் போட்டு, காய்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள்.

சரக்கில் பூண்டு உரிப்பதும் அடக்கம். சின்ன வெங்காயத்தை மட்டும் மொத்தமாக உரித்து வெளியே வைக்க வேண்டாம், வாடை வந்துவிடும்.

ரேஷன் பொருளுக்கு நீங்களே போக வேண்டியதில்லை. கார்டில் பெயர் இருக்கிற யார் கைரேகை வைத்தாலும் கொடுப்பார்கள். மாமியார் விரல் இயந்திரத்தில் பதியவில்லை என்றால், அதை எடுப்புக்கு முன்பே சரி செய்துகொள்ளுங்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை: ஊறப் போட்ட பிறகே சந்தை

லீவு நாள் என்று ஏழு மணி வரை தூங்கலாம். எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இட்லி அரிசியை ஊறப் போடுவது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரம் ஊற வேண்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். அரிசியை ஊறப் போட்டுவிட்டு உழவர் சந்தைக்குக் கிளம்பினால், திரும்பி வந்து காயைப் பிரித்து முடிப்பதற்குள் உளுந்தைப் போட நேரம் சரியாக வரும். சந்தைக்குப் போய்வந்து ஊறப் போடுகிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிரைண்டர் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மாவு புளிக்கப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். மத்தியானம் அரைத்துக் கையால் கலக்கி வைத்தால் விடிகாலைக்குப் பொங்கி நிற்கும். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியாக ஊத்தப்பமோ பணியாரமோ. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் வார மாவு நிற்காது. பாதி அரைத்து, புதன்கிழமை மறுபடி அரைக்க வேண்டும்.

சந்தையில் காயை வாங்கும்போதே எது எந்த நாளுக்கு என்று பிரித்துவிடுங்கள். கீரை, வெண்டை திங்கள், செவ்வாய்க்கு. கத்தரி, பீன்ஸ், அவரை நடுவாரத்துக்கு. முட்டைக்கோஸ், கேரட், சேனை, உருளை கடைசிக்கு. புதன்கிழமை கீரை மஞ்சளாகிக் கிடப்பதும், வெள்ளிக்கிழமை வெறும் ரசம் என்பதும் இந்தப் பிரிப்பைச் செய்யாத வீடுகளில்தான்.

துணியை ஞாயிறு மொத்தமாகத் துவைக்காதீர்கள். மழை பெய்தால் வாரம் முழுக்க ஈரத் துணிதான். தோட்டத்துச் சட்டையை அன்றன்றைக்கு அலசிப் போட்டுவிட்டால் ஏலக்காய்க் கறை நிற்காது.

6. ராத்திரியே முக்கால் சமையல்

எடுப்புக் காலத்தில் சமையல் என்பது ராத்திரி வேலை. காலைக்குச் சோறு வடிப்பதும் கட்டுவதும் மட்டும் மிஞ்ச வேண்டும்.

வந்ததும் முதலில் குளியல். அட்டை கடித்த இடம், செடி கீறிய இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். அதன் பிறகு ராத்திரிச் சாப்பாடும் நாளைய குழம்பும் ஒரே அடுப்பு வேலையாக நடக்கட்டும். புளிக்குழம்பு, வற்றல் குழம்பு, கருவாட்டுக் குழம்பு மூன்றும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ராத்திரி ஒரு பங்கு, காலையில் கட்ட ஒரு பங்கு. கட்டும் பங்கைப் பரிமாறும் முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுங்கள். எல்லோரும் கரண்டி விட்ட குழம்பு சீக்கிரம் கெடும், மிஞ்சும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு ராத்திரி வேண்டாம். காலையில் கொதிக்க வைத்தாலும் மதியத்தில் ஒரு மாதிரி வாடை வரும். தேங்காய் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்கிற வீடுகள் துவையலாக அரைக்கலாம். தேங்காயை நன்றாகச் சிவக்க வறுத்து, தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்தால் மதியம் வரை தாங்கும்.

அடுத்தது காய் நறுக்குவது. பீன்ஸ், அவரை, கேரட், கோஸ் ராத்திரியே நறுக்கி மூடி வைக்கலாம். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து முழுசாக வையுங்கள், காலையில் நறுக்கிக்கொள்ளலாம். கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுத்துப்போகும், அவற்றை ராத்திரி தொடவே வேண்டாம். கீரையை ஆய்ந்து வைக்கலாம், அலசுவதும் அரிவதும் காலையில்தான்.

கடைசியாக: அரிசியை அளந்து பாத்திரத்தில் வைப்பது, டப்பாவைத் துடைத்துக் கவிழ்ப்பது, தீப்பெட்டியை அடுப்பருகில் வைப்பது, பிள்ளைகளின் பள்ளிப் பையையும் யூனிபார்மையும் ஒரே நாற்காலியில் போடுவது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்தான். சாக்ஸ் எங்கே என்று விடிகாலையில் தூக்கம் கலையாத கண்ணோடு தேடினால் அதைவிட அதிக நேரம் போகும்.

மிஞ்சிய சோற்றில் அப்போதே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காலையில் வீட்டிலிருப்பவர்களுக்குப் பழையதும் சின்ன வெங்காயமும் ஆச்சு. ஊற்றாமல் வெறுமனே விட்ட சோற்றை மறுநாள் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

7. விடிகாலை வரிசை

எழுந்ததும் உலை வையுங்கள், பல் துலக்குவது அதற்குப் பிறகு. உலை கொதிக்க எடுக்கும் நேரத்தில் முகம் கழுவி, பால் காய்ச்சி, காப்பி குடித்துவிடலாம்.

சோறு வேகும்போது பக்கத்து அடுப்பில் ராத்திரிக் குழம்பைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்குவது சூடு பண்ணுவதுதான், அது போதாது. குழம்பு இறங்கியதும் அதே அடுப்பில் பொரியல். குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் முட்டை வேண்டுமானால் கழுவி, சோற்றுப் பாத்திரத்துக்கு அடியிலிருக்கும் தண்ணீரிலேயே போட்டுவிடலாம், தனி அடுப்பு தேவையில்லை.

சோறு வடிந்ததும் அகலத் தாம்பாளத்தில் பரத்துங்கள். எடுப்புக் காலத்தில் வேறெதை விட்டாலும் இதை மட்டும் விடக் கூடாது. சூட்டோடு டப்பாவில் அமுக்கி மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் திரும்பச் சோற்றில் சொட்டும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் ஒரு மணிக்குத் திறக்கும்போது சோறு பிசுபிசுவென்று நூல் விடும். மலையில் குளிர்தானே, கெடாது என்பார்கள். ஆனால் ஜீப்பில் பத்துப் பதினைந்து பைகளுக்கு நடுவே அந்த டப்பா நசுங்கிக்கொண்டு சூடாகவே வருகிறது.

8. பையில் என்ன, எப்படி

குழம்பு தனி டப்பா, சோறு தனி. பிசைந்து கட்டினால் சோறு குழம்பை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். புளிச்சோறு மட்டும் விதிவிலக்கு, அது ஊற ஊறத்தான் நன்றாக இருக்கும்.

தயிர்ச்சோறு கட்டுகிறவர்கள் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். குழையப் பிசைந்த சோற்றில் ஆறிய பால் ஊற்றி, ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியத்துக்குப் பக்குவமாக உறைந்திருக்கும். மழை பெய்து நன்றாகக் குளிர்கிற நாளில் இன்னும் அரைக் கரண்டி தயிர் கூடுதலாக வேண்டும்.

அட்டைக்கு எடுத்துப் போகும் உப்புப் பொட்டலத்தைச் சாப்பாட்டுப் பையில் வைக்கவே கூடாது. பலரும் அதில் புகையிலைத் தூள் கலந்து வைத்திருப்பார்கள். சோற்றுக்கு உப்புக் குறைகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எடுத்துத் தூவிவிட்டால் பெரிய வம்பு. அதை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள், அல்லது வேறு நிறக் கவரில் தனியாகப் போடுங்கள்.

9. கூலிப் பணமும் வீட்டு இலக்கும்

வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டுத்தான் பல வீடு சிக்கிக்கொள்கிறது. மழை, பாதை அடைப்பு, உடம்பு சரியில்லாத நாள், ஒரு தோட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி எல்லாம் இருக்கின்றன. நாலு நாள் கூலியை வைத்துச் செலவைத் திட்டமிடுங்கள். ஐந்தாவது, ஆறாவது நாள் வந்தால் அது இலக்குக்கு.

இலக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நகையைத் திருப்புவதா, மகள் கல்லூரிக் கட்டணமா, கூரை மாற்றுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டால், தை மாதத்தில் நகையும் பேங்கிலேயே இருக்கும், கூரையும் ஒழுகும். வட்டி ஓடுகிற எதுவும் முதலில்.

கூலி வாங்கிய அன்றைக்கே பிரிக்கும் வரிசை இது: மகளிர் குழுத் தவணை, ஜீப் கங்காணியிடமோ கடையிலோ வாங்கிய முன்பணம், அரிசி, கேஸ், பால். அடுத்து இலக்கு. தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள் துணியும் பலகாரமும் அந்தச் சீட்டுக்குள் அடங்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிற வீட்டில், எடுப்பு மாதங்களில் அதைத் தொடாமல் கணக்கிலேயே விட்டுவைத்தால், தோட்ட வேலை குறையும் பங்குனி, சித்திரைக்கு உதவும்.

10. வேலையை ஆள் பெயர் சொல்லிக் கொடுங்கள்

"எல்லாரும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் காதில் விழாது. தண்ணீர் பிடிப்பது வீட்டுக்காரர், மாடு இருந்தால் அதுவும் அவர்தான். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது தாத்தா. பாத்திரம் கழுவுவது பத்தாம் வகுப்புப் பையன். ஆம்பளைப் பிள்ளை கழுவுவதா என்று கிழவி முணுமுணுப்பாள், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பெண் பிள்ளை மேலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் காலாண்டுத் தேர்வு மார்க்கில் தெரியும்.

11. வழக்கம் உடையும் நாட்கள்

ஓணத்துக்குத் தோட்டம் அடைப்பார்கள், நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும். வீடு காலியாக இருக்கும் அந்தப் பகல் கிடைத்தற்கரியது. பொடி அரைப்பது, புளிக்காய்ச்சல் இரண்டாவது ஈடு, பேங்க் வேலை எல்லாவற்றையும் அன்றைக்கு வையுங்கள்.

கார்த்திகை பிறந்து வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டால் மொத்த அட்டவணையும் மாறும். ஆறு வாரம் கவிச்சி கிடையாது, கருவாட்டுக் குழம்பு போய்விடும். பழையது தொடமாட்டேன், ராத்திரிக் குழம்பு வேண்டாம் என்கிற சாமிகளும் உண்டு. அவருக்காக மொத்தக் குடும்பத்துக்கும் காலையில் புதிதாகச் சமைக்க முயல வேண்டாம். பொரியல் எல்லோருக்கும் பொது, சாமிக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் ரசமோ பருப்போ. விடிகாலைக் குளியலுக்கு அவர் எழும் நேரம் உங்கள் நாலு மணியோடு ஒத்துப்போவது ஒரு வசதி. வெந்நீர் அடுப்பை அவரே மூட்டட்டும், தண்ணீர் பிடிப்பதையும் சேர்த்து.

அதே மாதங்களில் மலைப்பாதையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிறையும். கூட்டம் கூடும் நாட்களில் ஒருவழிப் பாதையாக்கி, மலைக்குப் போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குவார்கள். மகரவிளக்கு நெருங்க நெருங்க ஜீப் வந்து சேர இருட்டிவிடும். அந்த நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்கள் வரும் வரை பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. ஏழு மணிக்கு யார் தோசை ஊற்றுவது, மாவு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

பெருமழையில் பாறை விழுந்து பாதை அடைத்தால் ஜீப் வராது. டப்பா கட்டியாகிவிட்டது, நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். அதையே மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் குழம்பை மட்டும் மத்தியானத்திலேயே வைத்துவிட்டால் அன்று ராத்திரி எட்டு மணிக்கே படுக்கலாம்.